யாரும் குடியேறாத வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். போன மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி என்னை மன்ஹாட்டனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பர் ஈஸ்ட் சைடில் ஐந்து மாடி டவுன்ஹவுஸ் ஒன்று. ஒவ்வொரு அறையையும் ஒரு டிசைனர் அலங்கரித்திருந்தார். டிக்கெட் பணம் பிள்ளைகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்றுக்குப் போகிறதாம். ஐம்பது டாலர் கொடுத்து உள்ளே போனோம்.

வெளியே வரும்போது எரிச்சல்தான் மிஞ்சியது. ஓர் அறை முழுக்கச் சிவப்பு, கூரை உட்பட. அடுத்த அறையின் சுவர் முழுக்கக் காடும் குரங்குகளும். எந்த அறைக்கும் அடுத்த அறையோடு சம்பந்தம் இல்லை. டிவி இல்லை, துணி வைக்க இடம் இல்லை, குளியலறைக் குழாயில் தண்ணீர் வருமா என்றே சந்தேகம். எல்லாவற்றையும் ஒரு மாதத்தில் பிரித்துவிடுவார்களாம். யாரும் வாழப்போகாத வீட்டுக்கு இவ்வளவு செலவழிக்கிறவர்கள் அந்தப் பணத்தை நேராகப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாமே?

தோழியோ ஒவ்வொரு அறையிலும் அசையாமல் நின்றாள். கேட்டால், "உனக்குப் பார்க்கத் தெரியவில்லை" என்கிறாள். நீங்கள் வீடுகளைப் பற்றி எழுதுகிறவர். அங்கே அப்படி என்னதான் பார்க்க வேண்டும்? எங்கள் வீட்டுக்கு அதில் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா? அந்த ஐம்பது டாலரை வருமான வரியில் கழிக்கலாமா என்று கணவர் கேட்கச் சொன்னார்.

ர.,
நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

நீங்கள் பார்த்த மாதிரியான வீட்டுக்கு ஷோ ஹவுஸ் என்று பெயர். அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போல எரிச்சலோடு வருகிறார்கள். மீதிப் பேர் அங்கே பார்த்த சிவப்பைத் தங்கள் சாப்பாட்டு அறையில் அடித்துவிட்டு அப்புறம் வருந்துகிறார்கள். அந்த வகையில் நீங்கள் பெயிண்ட் செலவு இல்லாமல் தப்பித்தீர்கள்.

பணத்தை முதலில் பேசிவிடுவோம். நீங்கள் போனது எந்த ஷோ ஹவுஸ் என்று எழுதவில்லை, நானும் ஊகிக்கப் போவதில்லை. நியூயார்க்கில் இந்த வழக்கத்துக்கே முகமாக இருப்பது கிப்ஸ் பே டெக்கரேட்டர் ஷோ ஹவுஸ். அதை வைத்துப் பேசுகிறேன். மற்றவையும் ஏறக்குறைய இதே முறையில்தான் நடக்கின்றன.

கிப்ஸ் பே பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப் 1915-இல், மன்ஹாட்டனின் கிழக்குக் கரையை ஒட்டிய கிப்ஸ் பே பகுதியில் தொடங்கியது. இன்று அதன் வேலையெல்லாம் நியூயார்க்கின் இன்னொரு பகுதியான பிராங்க்ஸில். பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பு, நடனம், விளையாட்டு என்று நடத்துகிறார்கள். பாடகி ஜெனிஃபர் லோபஸ், நடிகை கெர்ரி வாஷிங்டன் இருவரும் சிறு வயதில் அங்கே போனவர்கள். 1973-இல் கிளப்பின் ஆதரவாளர்கள் சிலர் சேர்ந்து, ஒரு வீட்டை அலங்கரித்து டிக்கெட் போட்டுப் பணம் திரட்டலாம் என்று ஆரம்பித்ததுதான் இந்த ஷோ ஹவுஸ். அது பெரும்பாலும் அப்பர் ஈஸ்ட் சைடில் நடக்கும். ஆக, கிப்ஸ் பே என்ற பெயரைச் சுமக்கும் வீடும் கிப்ஸ் பேயில் இல்லை, பிள்ளைகளும் அங்கே இல்லை. அமெரிக்காவில் வேறு ஊர்களிலும் இது உண்டு. கலிபோர்னியாவின் பாசடினாவில் 1965 முதல் இசைக் கல்விக்காக நடத்துகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1977 முதல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் உதவித்தொகைக்காக.

வீடு எப்படிக் கிடைக்கிறது? பெரும்பாலும் அது விற்பனைக்குக் காத்திருக்கும் வீடாக இருக்கும். காலியாகக் கிடக்கும் வீட்டை யாரோ தங்கள் செலவில் அலங்கரித்து, வசதியுள்ளவர்களை ஆயிரக்கணக்கில் உள்ளே நடக்க வைத்தால் உரிமையாளருக்கும் தரகருக்கும் கசக்குமா? டிசைனர் தன் அறைக்கான செலவைத் தானே ஏற்கிறார். ஓர் அறைக்கு லட்சம் டாலர் என்பது அங்கே அதிசயமில்லை. ஆனால் அதில் பெரும் பங்கு ரொக்கமாகப் போவதில்லை. சோபா ஷோரூமிலிருந்து இரவல், ஓவியம் கேலரியிலிருந்து இரவல், துணியும் பெயிண்டும் நிறுவனங்களின் உபயம். காட்சி முடிந்ததும் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். தொண்டு அமைப்புக்கு வருவது டிக்கெட் பணம், தொடக்க நாள் விருந்தின் வசூல், ஸ்பான்சர்கள் தருவது, சில இடங்களில் விற்ற பொருளில் ஒரு பங்கு.

எனவே அந்தச் சிவப்பு அறையில் இறைத்த பணம் பிள்ளைகளுக்குப் போக வேண்டிய பணம் என்பது சரியான கணக்கு இல்லை. அது விளம்பரச் செலவு. ஷோ ஹவுஸே இல்லாவிட்டால் அது பிராங்க்ஸ் பக்கம் திரும்பாது, ஏதாவது பத்திரிகையின் வழவழப்பான பக்கத்துக்குப் போகும். இதில் யாருடைய தியாகமும் இல்லை. எல்லோரும் தங்கள் லாபத்தைப் பார்க்கிறார்கள், ஓரத்தில் கொஞ்சம் பிள்ளைகளுக்கும் ஒழுகுகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இது ஓடுவதற்குக் காரணமும் அந்த லாபம்தான் என்று நினைக்கிறேன். கருணையை மட்டும் நம்பியிருந்தால் மூன்றாவது வருடமே வீடு கிடைத்திருக்காது.

எனக்கு உறுத்துவது வேறு இடத்தில். பெரிய பெயர் உள்ள டிசைனருக்கு எல்லாம் இரவலாகக் கிடைக்கும். புதிதாக வருகிறவர் கடன் வாங்கிச் செய்வார், இந்த ஓர் அறையில் பெயர் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில். அவருக்குக் கீழே திரை தைப்பவர், பூச்சுக்காரர், தச்சர். "தர்ம காரியம், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று கூலியைக் குறைக்கச் சொல்லும் பேச்சு அவர்களிடம்தான் போய் நிற்கும். புகைப்படத்தின் கீழே டிசைனர் பெயர் வரும். பூச்சுக்காரர் பெயர் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வந்தால் பாக்கியம்.

எவ்வளவு பணம் உண்மையில் போய்ச் சேர்கிறது என்று தெரிய வேண்டுமா? அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் வரித்துறைக்கு ஆண்டுதோறும் 990 என்ற படிவம் தாக்கல் செய்கின்றன. அது யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். அதில் ஜி என்ற அட்டவணையில், நிதி திரட்டும் நிகழ்ச்சிகளின் மொத்த வசூல் எவ்வளவு, அதற்கான நேரடிச் செலவு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். நீங்கள் போன அமைப்பின் படிவத்தை எடுத்து அந்த இரண்டு எண்களைப் பாருங்கள். எரிச்சல்பட வேண்டியிருந்தால் அதற்கு அப்புறம் பட்டுக்கொள்ளலாம்.

சரி, பார்க்க என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

டிவி இல்லை, துணி வைக்க இடமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறைகள் வாழ்வதற்காகச் செய்தவை இல்லை, கடந்து போவதற்காகச் செய்தவை. வாசலில் கயிறு கட்டியிருப்பார்கள், இரண்டு நிமிடம் நிற்பீர்கள், பின்னால் வரிசை தள்ளும். அந்த இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வந்ததைச் சொல்லியாக வேண்டும். கல்யாணப் பந்தலைப் பார்த்து இதில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று நாம் கேட்பதில்லை. வீட்டையே விளம்பரப் பலகை ஆக்குவது கிப்ஸ் பேக்கும் முன்னால் வந்த யோசனை. அமெரிக்காவின் முதல் தலைமுறை அலங்காரத் தொழில்காரர்களில் முக்கியமான எல்சி டி உல்ஃப், 1910 வாக்கில் கட்டடக் கலைஞர் ஆக்டன் காட்மனோடு சேர்ந்து கிழக்கு 71-ஆம் தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்கி, உருமாற்றி, தன் வேலைக்கு மாதிரியாகக் காட்டினார். தர்மம் என்ற போர்வை மட்டும் அப்போது இல்லை.

அறைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்ற உங்கள் குறை உண்மை. அது சேரப் போவதும் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட டிசைனர்கள், அடுத்தவர் என்ன செய்கிறார் என்று அரைகுறையாகத் தெரிந்துகொண்டு, ஒரே நேரத்தில் ஒரே படிக்கட்டில் சாமான் ஏற்றுகிறார்கள். ஒருமை எங்கிருந்து வரும்? இருக்கும் ஒரே ஒருமை அந்தக் கட்டடம். அதனால் அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பாருங்கள் என்பேன். உங்கள் தோழி என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் பார்ப்பது, அந்த வீடு டிசைனரை எங்கே மடக்குகிறது, அவர் எப்படி வெளியே வருகிறார் என்பதை.

மன்ஹாட்டன் டவுன்ஹவுஸ் ஒரு விசித்திரமான பிராணி. 1811-இல் தீவுக்குத் தெருக்கட்டம் போட்டபோது அமைந்த வழக்கமான மனை 25 அடி அகலம், 100 அடி நீளம். கட்டியவர்கள் அதையும் விடவில்லை. மனைகளைச் சேர்த்துப் பிரித்து நெருக்கி 20 அடி, 18 அடி, 16 அடி அகலத்துக்குக்கூடக் கட்டினார்கள். இரண்டு பக்கமும் அண்டை வீட்டோடு ஒட்டிய சுவர். ஜன்னல் முன்னால் அல்லது பின்னால் மட்டும். வீட்டின் ஆழமோ 50, 60 அடி. அப்படியென்றால் ஒவ்வொரு மாடியிலும் நடுப்பகுதிக்கு வெயில் என்ற ஒன்றே கிடையாது. படிக்கட்டுக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடித் திறப்பு வைத்து, கிணறு போன்ற அந்த இடைவெளி வழியாகக் கொஞ்சம் வெளிச்சத்தை இறக்கினார்கள். கீழ்த்தளத்துக்கு வந்து சேரும்போது அதில் பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும். வீடுகளுக்குப் பின்னால் சந்தும் விடவில்லை. அதனால் நிலக்கரி, ஐஸ், குப்பை எல்லாமே தெருவாசல் வழிதான். முன்படிக்கட்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னக் கதவு வேலைக்காரர்களுக்கும் சாமானுக்கும், மேலே உயரமான படியேறிப் போகும் பெரிய கதவு விருந்தாளிக்கு.

1878-இல் மூன்றாவது அவென்யூவில் மேம்பால ரயில் ஓடத் தொடங்கிய பிறகு அப்பர் ஈஸ்ட் சைடில் இந்த வீடுகள் வரிசை வரிசையாக எழுந்தன. அந்தக் காலத்து வரிசைகளில் பல, முகப்பில் பழுப்பு மணற்கல் ஒட்டியவை. கனெக்டிகட்டின் போர்ட்லண்ட் குவாரியிலிருந்து நிறைய வந்தது. அந்தக் கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. படிந்த விதத்திலேயே படுக்க வைத்துக் கட்டினால் தாங்கும். மெல்லிய பலகையாக அறுத்து நிமிர்த்தி ஒட்டினார்கள், ஏனென்றால் அது மலிவு. அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, முகம் செதில் செதிலாக உதிர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணம் படைத்தவர்கள் அந்த வீடுகளை வாங்கி, முன்படியை இடித்து, முகப்பைச் சுண்ணாம்புக் கல்லுக்கு மாற்றி, தெருமட்டத்திலேயே வாசல் வைத்தார்கள். நீங்கள் படியேறி உள்ளே போனீர்களா, தெருவிலிருந்து நேராக நுழைந்தீர்களா? நேராக என்றால், உங்களை வரவேற்ற அந்த அழகான கல் கூடம் ஒரு காலத்தில் அடுப்புப் பக்கமாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு வேடிக்கை. 1981 முதல் அப்பர் ஈஸ்ட் சைடின் பெரும் பகுதி பாதுகாக்கப்பட்ட மரபுப் பகுதி. தெருவில் நின்று பார்க்கும் முகப்பில் ஒரு ஜன்னலை மாற்றவும் நகராட்சி ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள்ளே? என்ன வேண்டுமானாலும் இடிக்கலாம். 1973-இல் மரபுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி உட்புறங்களையும் பாதுகாக்க வழி செய்தார்கள், ஆனால் பொதுமக்கள் வந்து போகும் இடங்களுக்கு மட்டும். தனியார் வீட்டுக் கூடத்துக்கு அது பொருந்தாது. அதனால் நூறு வருட முகப்புக்குப் பின்னால் வெறும் ஜிப்சம் பலகைப் பெட்டியாக நிற்கும் வீடுகள் ஏராளம். ஷோ ஹவுஸுக்கு வரும் டிசைனர் அந்தப் பெட்டிக்குள் மறுபடியும் பழைய காலத்துக் கூரையோர வேலைப்பாட்டை ஒட்டுகிறார், பாலியுரேத்தேன் பிளாஸ்டிக்கில். எது பழசு, எது போன மாதம் ஒட்டியது என்று கண்டுபிடிப்பது எனக்கு ஒரு விளையாட்டு. பழைய பிளாஸ்டரின் மேல் தலைமுறை தலைமுறையாகப் பெயிண்ட் ஏறி, இலை நுனியும் பூவிதழும் மழுங்கிப் போயிருக்கும். புதிது கத்தியாக இருக்கும். தொட வேண்டியதில்லை, நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.

இப்போது அறைகள். மூத்த டிசைனர்களுக்குப் பெரும்பாலும் முன்கூடம் கிடைக்கும். பன்னிரண்டு பதின்மூன்று அடி உயரம், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், கணப்படுப்பு. அங்கே ஒரு பழைய நாற்காலியைக் கொண்டுபோய் நடுவில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். வேலையில் பாதியை வீடே செய்துவிட்டது. நான் அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. 2014-இல் கிப்ஸ் பே காட்சி மேடிசன் அவென்யூவின் வில்லார்ட் மாளிகையில் நடந்தது. 1880-களின் அரண்மனை மாதிரியான கட்டடம். அப்படிப்பட்ட இடத்தில் டிசைனர் செய்யக்கூடிய புத்திசாலித்தனமான காரியம் ஒதுங்கி நிற்பது.

நான் தேடிப் போவது யாரும் கேட்டு வாங்காத இடங்களை. மாடிப்படி திரும்பும் தளம், கைகழுவும் அறை, துணி துவைக்கும் மூலை, இரண்டு படுக்கையறைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஜன்னலில்லாத நடை. இவை பெரும்பாலும் இளைய டிசைனர்களின் தலையில் விழும். மூன்று கதவுகள் திறந்து மூடும், ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், வெயில் கிடையாது, நாற்காலி போட இடமில்லை, ஆனால் வீட்டுக்கு வரும் ஒவ்வொருவரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். முன்கூடத்தில் பணம் போதும். இங்கே யோசிக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு அறை வீட்டில் எங்கே இருந்தது என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள். ஜன்னல் இருந்ததா? இருட்டான இடத்துக்கு வெள்ளையடித்தால் வெளிச்சமாகிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆகாது. வெள்ளை தானாக ஒளிராது, அதன் மேல் விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். வெளிச்சமே வராத இடத்தில் அது அழுக்குச் சாம்பலாகத் தெரியும். அடர்ந்த சிவப்பு, கரும்பச்சை, கத்தரிக்காய் நிறம் போன்றவை விளக்கொளியில் உயிர் பெறும். கூரையையும் அதே நிறத்தில் அடித்தால் சுவர் முடிந்து கூரை தொடங்கும் கோடு மறையும். அறை எவ்வளவு சின்னது என்று கண்ணால் சட்டென அளக்க முடியாது. ஆகவே அது நடுவில் இருந்த ஜன்னலில்லாத அறை என்றால், உங்களை எரிச்சலூட்டிய அறைதான் அந்த வீட்டிலேயே அதிகம் யோசித்துச் செய்த அறையாக இருக்கலாம். தெற்கு வெயில் கொட்டும் அறையை அப்படிச் சிவப்பாக்கியிருந்தால், உங்கள் பக்கம் நானும் இருக்கிறேன். அது கேமராவுக்காகச் செய்தது.

அந்தச் சிவப்பு கண்ணாடி மாதிரிப் பளபளத்ததா? அப்படியானால் அது லாக்கர் பூச்சு. அதில் பெயிண்டைவிடச் சுவரைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை. மட்டமாகப் பூசி, தேய்த்து, ஒரு கோட்டு அடித்து, காய வைத்து, மறுபடியும் தேய்த்து, அடுத்த கோட்டு. ஒரு மணல் பருக்கை ஒட்டினாலும் விளக்குப் போட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். ஷோ ஹவுஸில் இதற்கெல்லாம் சில வாரங்கள்தான் கிடைக்கும், அதுவும் பக்கத்து அறையில் மரம் அறுத்துத் தூள் பறக்கும்போது. சுவரோடு ஒட்டி நின்று, பக்கவாட்டில் பார்வையை ஓடவிடுங்கள். அலை இல்லாமல் இருந்தால் அந்தப் பூச்சுக்காரரைக் கும்பிடலாம்.

குரங்குச் சுவருக்கும் அதே மாதிரி ஒரு சோதனை உண்டு. கையால் வரைந்த சீன பாணி வால்பேப்பருக்கு நியூயார்க்கில் 1898 முதல் இருக்கும் கிரேசி, இங்கிலாந்தில் 1986-இல் தொடங்கிய டி கோர்னே என்று சில பெயர்கள். அச்சடித்த தாளில் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு தரம் அதே குரங்கு திரும்ப வரும். கையால் வரைந்ததில் அந்தச் சுவரின் உயரத்துக்கும் நீளத்துக்கும் அளவெடுத்து வரைவதால் குரங்கு திரும்ப வராது. மூலையைப் பாருங்கள், கதவுச் சட்டத்துக்கு மேலே பாருங்கள். கிளை மூலையில் மடிந்து அடுத்த சுவரில் அதே உயரத்தில் தொடர்கிறதா? கதவு வந்த இடத்தில் பறவையின் கழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா? இந்த மாதிரிக் காட்சிகளில் பலர் தாளை நேராகச் சுவரில் ஒட்டுவதில்லை, பின்னால் ஒரு தாங்கு படலம் கொடுத்து ஒட்டுவார்கள். முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம்.

ஷோ ஹவுஸ் பேச்சில் தவறாமல் வரும் ஓர் அறை உண்டு. 1984-இல் கிப்ஸ் பே ஷோ ஹவுஸில் டிசைனர் மரியோ புவாட்டா செய்த நீலப் படுக்கையறை. மேற்கட்டியிட்ட கட்டில், எங்கு பார்த்தாலும் பூப்போட்ட சின்ட்ஸ் துணி. அமெரிக்காவில் ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகை மோகத்துக்கு அது கொடி பிடித்தது. அவருக்கு 'சின்ட்ஸ் இளவரசர்' என்றே பட்டம். சட்டைப்பையில் ஒரு பிளாஸ்டிக் கரப்பான்பூச்சியை வைத்துக்கொண்டு பணக்கார வாடிக்கையாளர்களைப் பயமுறுத்துகிற ஆசாமி. 2018-இல் இறந்தார். அந்த 'ஆங்கிலேய' சின்ட்ஸ் எங்கிருந்து போனது என்று நமக்குத் தெரியும். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் படிகாரம் தீட்டி, சாயவேரில் சிவப்பேற்றி, மெழுகு பூசி நீலத்தில் முக்கி எழுதிய பருத்தித் துணி அது. துவைத்தாலும் சாயம் போகாத துணியை ஐரோப்பா அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. உள்ளூர் நெசவாளர்கள் அலறியதில் பிரான்ஸ் 1686-இலும், இங்கிலாந்து 1701-இலிருந்தும் அதற்குத் தடை போட்டன. தடையை மீறியும் சீமாட்டிகள் ஒளித்து வைத்து உடுத்தினார்கள், அப்புறம் ஐரோப்பியர்களே ஆலையில் அச்சடிக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்றைக்கு மன்ஹாட்டன் கட்டிலில் அது லண்டன் மரபாகத் தொங்குகிறது. எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு என்ன எடுத்துக்கொள்வது? அறையின் உயரத்தை முதலில் பாருங்கள். நியூ ஜெர்சி புறநகர் வீடு என்றால் கூரை எட்டு அடி, ஒன்பது அடிதான் இருக்கும். பதின்மூன்று அடிக் கூடத்தில் பார்த்த சரவிளக்கையும் தரையில் புரளும் திரையையும் அங்கே கொண்டுவந்தால் தலையில் இடிக்கும். டவுன்ஹவுஸில் மேலே போகப்போகக் கூரை தாழும். கடைசி மாடி வேலைக்காரர்கள் படுத்த இடம், உயரம் கிட்டத்தட்ட உங்கள் வீட்டளவு. உங்களுக்குப் பயன்படுவது எல்லாம் அங்கேதான் இருக்கும். பாவம், ஐந்து மாடி ஏறி வரும்போது கால் வலித்து, பாதிப் பேர் அதை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அடுத்த தடவை மின்தூக்கி இருந்தால் நேராக உச்சிக்குப் போய், மேலிருந்து கீழே பாருங்கள்.

விளக்குகளைக் கவனியுங்கள். நல்ல அறை எதிலும் கூரை நடுவில் ஒற்றை விளக்கு மட்டும் எரியாது. கண் உயரத்திலும் அதற்குக் கீழேயும் மூன்று நான்கு சிறிய விளக்குகள், மஞ்சள் சாயலான பல்பு, 2700 கெல்வின் அளவில். ஷோ ஹவுஸ் உங்களுக்குக் கற்றுத்தரக்கூடிய மிக மலிவான விஷயம் இதுதான். அடுத்தது திரைக்கம்பி. ஜன்னல் சட்டத்தின் மேலேயே அறையாமல் கூரைக்குப் பக்கமாக உயர்த்தி, இரண்டு பக்கமும் நன்றாக நீட்டி மாட்டியிருப்பார்கள். திரையை ஒதுக்கினால் ஜன்னல் முழுசாகத் திறந்து தெரியும், தாழ்ந்த கூரையும் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும். நிறத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அது அந்த ஜன்னலுக்கு, அந்தத் தெருவுக்கு, அந்த ஒரு மாதத்துக்குத் தேர்ந்தெடுத்தது.

வாசலில் தரும் கையேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு அறைக்கும் யார் தைத்தது, யார் பூசியது, துணி எங்கே வாங்கியது என்ற பட்டியல் அதில் இருக்கும். டிசைனரை வைத்து வேலை வாங்க நம்மில் அதிகம் பேரால் முடியாது. அந்தப் பட்டியலில் உள்ள சோபாவுக்கு உறை தைப்பவரை நேரடியாகக் கூப்பிட முடியும்.

கணவரின் கேள்விக்கு: அமெரிக்க வரி விதிப்படி, கொடுத்த பணத்தில் நீங்கள் பெற்றுக்கொண்டதன் மதிப்புக்கு மேற்பட்டதுதான் நன்கொடை. வீட்டைச் சுற்றிப் பார்த்ததன் மதிப்பே ஐம்பது டாலர் என்றால் கழிக்க ஒன்றும் இல்லை. விருந்தோடு சேர்ந்த விலை உயர்ந்த டிக்கெட் என்றால், 75 டாலருக்கு மேல் வாங்கும் அமைப்பு, அதற்கு ஈடாகத் தந்ததன் மதிப்பு எவ்வளவு என்று எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதற்கு மேற்பட்டதுதான் நன்கொடை. ரசீதின் பின்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.